விஎம் டிஸ்க் இழுக்கிறதா? செட்டிங், ராம், எஸ்எஸ்டி, கிளவுடு: எந்தத் தாமதத்துக்கு எது

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் போன மாதம் என் முன்னால் மூன்று கொட்டேஷன்களை எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே பிரச்சினைக்கு வாங்கியவை. பில் போட்டு 'சேவ்' தட்டினால் ஐந்தாறு விநாடி திரை அப்படியே நிற்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல், லாரி கிளம்பும் நேரத்தில், பத்து விநாடிகூட ஆகிறது. கவுன்டரில் இருக்கும் பையன் என்டர் பட்டன் மேல் விரலை வைத்தபடியே காத்திருக்கிறான். முதல் கொட்டேஷன் புது சர்வர் வாங்கச் சொன்னது. இரண்டாவது, எஸ்எஸ்டி போட்டால் போதும் என்றது. மூன்றாவது, எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாம் என்றது. "இதுல எதுங்க சரி?" என்று கேட்டார்.

இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்றில் எதுவும் தவறான யோசனை இல்லை. ஆனால் கொட்டேஷன் கொடுத்த மூன்று பேரில் ஒருவர்கூட அந்தச் சர்வரில் உட்கார்ந்து, காத்திருப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்கவில்லை. டிஸ்க் தாமதம் என்பது ஒரே நோய் இல்லை. நாலைந்து வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வகை தெரியாமல் பணத்தைப் போட்டால், புது சர்வரிலும் அதே பையன் அதே பட்டன் மேல் விரலை வைத்துக் காத்திருப்பான்.

அவர் கடையில் இருப்பது ஒரு டவர் சர்வர். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் 2 டெராபைட் சாட்டா ஹார்ட் டிஸ்க் நான்கு, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒரு ரெய்டு கார்டில், ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா பிழைக்கும் ரெய்டு 5 ஆகக் கட்டப்பட்டவை. முன்பு விஎம்வேரில், அதாவது ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருளில், ஓடிக்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திய பிறகு, பல சின்ன நிறுவனங்களைப் போல இவர்களும் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறினார்கள். மேலே மூன்று விஎம்: பில்லிங்குக்கு ஒரு விண்டோஸ், ஸ்டாக் கணக்குக்கு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடும் ஒரு லினக்ஸ், மூன்றாவது 16 சிசிடிவி கேமராக்களைப் பதிவு செய்வது. இந்த மூன்றாவதை நினைவில் வையுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, எந்த வகைத் தாமதத்தைத் தீர்க்கிறது. சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கும் இங்கும் படிப்பது, எழுதுவது ஒரு வகை. டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒரு பதிவை உறுதிசெய்யும்போதும்) "டிஸ்க்கில் உறுதியாக ஏறிவிட்டதா?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் எஃப்சிங்க் இன்னொரு வகை. பெரிய ஃபைலை நேராக இழுக்கும் வேகம் மூன்றாவது. பில்லிங், கணக்கு, ஸ்டாக் எல்லாம் முதல் இரண்டில்தான் அடிபடும். விளம்பரங்களில் அச்சிடுவதோ மூன்றாவது வகை வேகத்தை.

இரண்டாவது, கரண்ட் போனால் டேட்டா பிழைக்குமா. இதில் நான் சமரசம் செய்வதில்லை. வேகத்துக்காக இதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் எந்த யோசனையும் கடையின் கணக்கைப் பணயம் வைப்பதுதான்.

மூன்றாவது, சர்வர் எவ்வளவு நேரம் நிற்கும். நான்காவது, பணம்: இன்று ஒருமுறை கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா. ஐந்தாவது, சரிவரவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா.

## வாங்கும் முன் ஒரு மணி நேரம் அளக்க

பிரச்சினை நடக்கும் நேரத்திலேயே அளக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் காலியான சர்வரில் எடுத்த எண் எதற்கும் உதவாது. விஎம்முக்குள்ளும், விஎம்களைத் தாங்கும் சர்வரான ஹோஸ்டிலும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் முக்கியம். லினக்ஸில் ஐஓஸ்டாட் கட்டளையின் விரிவான காட்சியைத் திறந்தால், ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் சராசரியாக எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று காட்டும். விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ஒரு டிஸ்க் படிப்புக்கான, எழுத்துக்கான சராசரி நேரத்தைப் பாருங்கள். அது விநாடிக் கணக்கில் வரும், 0.020 என்றால் 20 மில்லிவிநாடி.

நல்ல எஸ்எஸ்டியில் இந்த எண் ஒரு மில்லிவிநாடிக்குள் இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் பத்து, பதினைந்து வரை இயல்பு. ஐம்பதைத் தாண்டினால் வரிசை கட்டி நிற்கிறது என்று அர்த்தம். 'டிஸ்க் 100 சதவீதம்' என்று விண்டோஸ் காட்டுவதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அது டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்று மட்டும் சொல்லும், இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

- ஹோஸ்டில் எண் குறைவு, விஎம்முக்குள் அதிகம்: நடுவில் இருக்கும் மெய்நிகர் அடுக்கில் கோளாறு. பணம் செலவழிக்கத் தேவையில்லை.
- இரண்டிலும் அதிகம்: டிஸ்க் உண்மையிலேயே திணறுகிறது. ஆனால் யாருடைய வேலையால் என்று இன்னும் தெரியாது.
- இரண்டிலும் குறைவு, ஆனாலும் சாஃப்ட்வேர் மெதுவு: டிஸ்க் மேல் பழியில்லை. டேட்டாபேஸ் லாக், நெட்வொர்க், ஒவ்வொரு ஃபைலையும் தொடும்போது ஸ்கேன் செய்யும் ஆன்டிவைரஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

இதோடு லினக்ஸின் விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப், அதாவது ராம் போதாமல் டிஸ்க்குக்குத் தள்ளிய மெமரி, உள்ளே வருவதும் வெளியே போவதும் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பூஜ்யம் இல்லையென்றால் உங்களுக்கு இருப்பது மெமரிப் பற்றாக்குறை, அது டிஸ்க் வேஷம் போட்டு வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டிடி கட்டளையில் ஒரு ஜிகாபைட் பூஜ்யங்களை எழுதிப் பார்த்து "விநாடிக்கு ஒன்றரை ஜிகாபைட் வருகிறதே, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். அது ராமின் வேகம். ஃபியோ என்ற கருவியில் 4 கிலோபைட் துண்டுகளாக, கேச்சைத் தாண்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் எஃப்சிங்க் வைத்து ஓட்டுங்கள். அதை எப்போதும் ஒரு தனி ஃபைல் மேல்தான் ஓட்ட வேண்டும். டிஸ்க்கின் பெயரையே கொடுத்து எழுத்துச் சோதனை ஓட்டினால் அதில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும்.

ஈரோட்டில் மாலை ஐந்தரைக்கு எடுத்த எண்கள்: விண்டோஸ் விஎம்முக்குள் எழுத்துக்கு 300 மில்லிவிநாடிக்கு மேல், ஹோஸ்டில் 70. அதாவது இரண்டு பிரச்சினை. கீழே டிஸ்க்கும் திணறுகிறது, நடுவிலும் ஏதோ அடைக்கிறது.

## வழி 1: விஎம் செட்டிங்கை மாற்றுவது

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விஎம்வேரிலிருந்தோ பழைய சர்வரிலிருந்தோ கொண்டுவந்த விண்டோஸ் விஎம்களில் டிஸ்க் பெரும்பாலும் ஐடிஇ அல்லது சாட்டா என்று இருக்கும். விண்டோஸுக்கு அந்த டிரைவர் மட்டும்தான் தெரியும், பூட் ஆனால் போதும் என்று அப்படியே விட்டிருப்பார்கள். ஐடிஇ என்பது இல்லாத ஒரு பழைய சாதனத்தை மென்பொருளால் நடித்துக் காட்டுவது. ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கைதான் போகும். சாட்டாவில் 32 வரை. விர்ட்ஐஓ அப்படியில்லை, தான் விஎம்மில் இருக்கிறோம் என்று தெரிந்தே பேசும் டிரைவர். வரிசையும் நீளம், சிபியு செலவும் குறைவு. விஎம்வேரில் தங்கியவர்களுக்கு இதற்கு இணை பிவிஸ்கஸி.

மாற்றும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. பூட் டிஸ்க்கை நேரடியாக விர்ட்ஐஓவுக்கு மாற்றினால், பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்று விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். அதனால் முதலில் ஒரு ஜிகாபைட் அளவில் வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கஸியில் சேர்த்து, விண்டோஸை ஆன் செய்து, விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். அந்தச் சின்ன டிஸ்க் விண்டோஸுக்குத் தெரிந்த பிறகு ஷட்டவுன் செய்து, பூட் டிஸ்க்கை அதே கன்ட்ரோலருக்கு மாற்றி, பூட் வரிசையிலும் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் வெற்று டிஸ்க்கை நீக்கிவிடலாம். முழு வேலையும் அரை மணி நேரம்.

கூடவே ஐஓ திரெட் என்ற டிக்கையும் போட்டுவிடுங்கள். டிஸ்க் வேலை விஎம்மின் மற்ற வேலைகளோடு முட்டாமல் தனி இழையில் ஓடும்.

அடுத்தது கேச். பிராக்ஸ்மாக்ஸில் எதுவும் தொடாவிட்டால் 'நோ கேச்' என்றிருக்கும். பெரும்பாலும் அதுவே நல்லது. 'ரைட்பேக்' ஹோஸ்டின் ராமைப் பயன்படுத்தும், ஹார்ட் டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியும் வேகம் வரும். விஎம் ஃப்ளஷ் கேட்டால், அதாவது "இப்போதே டிஸ்க்கில் எழுது" என்றால், அதை டிஸ்க்குக்கு அனுப்பவும் செய்யும். ஆகவே முறையாக ஃப்ளஷ் கேட்கும் டேட்டாபேஸுக்கு ஆபத்தில்லை. ஃப்ளஷ் கேட்காத பழைய சாஃப்ட்வேர் என்றால், கரண்ட் போகும்போது கடைசிச் சில விநாடி எழுத்து போய்விடலாம்.

'அன்சேஃப்' என்று இன்னொன்று இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாம் பறக்கும், ஏனென்றால் ஃப்ளஷ் கேட்டாலும் "ஆச்சு" என்று பொய் சொல்லிவிடும். நாளை தூக்கிப் போடப்போகும் சோதனை விஎம்முக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இருக்கும் விஎம்முக்கு இதை யார் சிபாரிசு செய்தாலும் கேட்காதீர்கள். ஒரு மின்வெட்டில் டேட்டாபேஸே திறக்காமல் போகும்.

மூன்றாவது, ஸ்னாப்ஷாட்: விஎம்மின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது. "அப்டேட் முன் எடுத்தது" என்று ஏழு மாதப் பழைய ஸ்னாப்ஷாட்டோடு ஓடும் விஎம்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் டிஸ்க் மேல் இன்னொரு அடுக்கு, படிக்கும்போது அடுக்கடுக்காகத் தேட வேண்டியிருக்கும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் சொந்த அறிவுரை. ஸ்னாப்ஷாட் பேக்கப் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூல டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

மறைந்த செலவு: ரைட்பேக் ஹோஸ்டின் ராமைத் தின்னும். பெரிய, பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்கும்போது மணிக்கணக்கில் டிஸ்க் இன்னும் மோசமாகும், அதனால் சனி இரவு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இது போதும்: ஹோஸ்டில் எண் நன்றாக இருந்து, விஎம்மில் மட்டும் மோசமாக இருக்கும்போது.

## வழி 2: பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பிரிப்பது

ஒரே டிஸ்க்கைப் பகிரும் மற்ற விஎம்தான் பக்கத்து வீடு. இங்கே அது அந்த மூன்றாவது விஎம். 16 கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் மொத்தம் 32 மெகாபிட், அதாவது விநாடிக்கு வெறும் 4 மெகாபைட். "இதெல்லாம் ஒரு சுமையா?" என்றுதான் தோன்றும். ஆனால் அது 16 வேறு வேறு ஃபைல்களில், நாள் முழுக்க, ஒரு நொடியும் ஓயாமல் போகிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓடி ஓடி எழுதுகிறது. நடுவில் வரும் பில் அதன் முறை வரும்வரை நிற்கிறது.

கேமராப் பதிவுக்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் போட்டோம், அந்த விஎம்மின் பதிவு டிஸ்க்கை மட்டும் அங்கே மாற்றினோம். ரெய்டுகூடத் தேவையில்லை, முப்பது நாள் போனால் தானாக அழியும் வீடியோதான். ஹோஸ்டின் எண் 70-இலிருந்து 20-க்கு வந்தது.

பேக்கப்பையும் சந்தேகப்படுங்கள். பிராக்ஸ்மாக்ஸில் ஓடும் விஎம்மைப் பேக்கப் எடுக்கும்போது, இன்னும் நகலெடுக்காத இடத்தில் விஎம் எழுத வந்தால், அந்தப் பழைய துண்டு முதலில் பேக்கப்புக்குப் போன பிறகுதான் புதிய எழுத்து உள்ளே விடப்படும். ஆக, பேக்கப் போகும் நாஸ் (நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டி) மெதுவாக இருந்தால், வேகமான டிஸ்க்கில் இருக்கும் விஎம்மும் மெதுவாகிவிடும். 8.2 பதிப்பில் வந்த ஃப்ளீசிங் என்ற வசதி, அந்தப் பழைய துண்டைப் பக்கத்து லோக்கல் டிஸ்க்கில் தற்காலிகமாக வைத்துக்கொண்டு விஎம்மை விடுவிக்கிறது. அது இல்லையென்றால் பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

மறைந்த செலவு: பிரித்த ஒவ்வொரு டிஸ்க்கும் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. விஎம்முக்கு வேக வரம்பு போட்டுக் கட்டுப்படுத்தினால் அந்த விஎம்மின் பயனர்கள் புகார் சொல்வார்கள். கேமராவுக்கு வரம்பு போட்டால் காட்சிகளே விடுபடலாம்.

## வழி 3: ராம் கூட்டுவது

படிப்பு மெதுவாக இருந்தால் மட்டும் இது மருந்து. அடிக்கடி தொடும் டேட்டா 12 ஜிகாபைட், விஎம்முக்குக் கொடுத்திருப்பது 8 என்றால், 16 ஆக்கிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடுவதே குறைந்துவிடும். ரிப்போர்ட் எடுக்கும்போது மட்டும் இழுக்கிறது, பில் சேவ் ஆவதில் பிரச்சினை இல்லை என்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

எஃப்சிங்க் தாமதத்தை ராம் தொடவே தொடாது. 256 ஜிகாபைட் ராம் இருந்தாலும் கமிட் டிஸ்க்கில் ஏறியே ஆக வேண்டும்.

மறைந்த செலவு: விஎம்முக்குக் கூட்டிக்கொடுத்து ஹோஸ்டை வறுமையில் விடுவது. ஹோஸ்டில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இருந்தால், பழைய இன்ஸ்டலேஷன்களில் அது தன் கேச்சுக்காக ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். அதைக் கணக்கில் சேர்க்காமல் பங்கு போட்டால் ஹோஸ்ட் ஸ்வாப்புக்குப் போய், எல்லா விஎம்மும் சேர்ந்து படுக்கும்.

## வழி 4: ரெய்டை மாற்றிக் கட்டுவது

இந்த வகை ஹார்ட் டிஸ்க் ஒன்று விநாடிக்குச் சுமார் 80 சிதறிய வேலைகளைச் செய்யும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சேர்ந்தால் 320 படிப்பு. ஆனால் ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு நாலு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் மீட்க உதவும் கணக்கை) படி, புதிய டேட்டாவை எழுது, புதிய பேரிட்டியை எழுது. 320-ஐ நாலால் வகுத்தால் 80. நாலு டிஸ்க் வாங்கி, எழுத்தில் ஒரு டிஸ்க்கின் வேகம்தான் கிடைக்கிறது. எதையும் இரண்டு டிஸ்க்கில் நகலாக எழுதும் ரெய்டு 10-இல் ஒரு எழுத்துக்கு இரண்டு வேலை, ஆகவே 160.

இரண்டு மடங்கு என்பது நல்லதுதான். ஆனால் அதற்காக எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, ரெய்டை அழித்து, திரும்பக் கட்டி, ரீஸ்டோர் செய்ய ஒரு முழு வார இறுதி போகும். கொள்ளளவும் மூன்று டிஸ்க்கிலிருந்து இரண்டாகும். இத்தனை பாடு பட்டு 160 வாங்குவதைவிட, அதே வார இறுதியில் எஸ்எஸ்டிக்குப் போவது மேல் என்பது என் கருத்து. ஃபைல் ஷேர் மட்டும் இருக்கும், பத்து இருபது டெராபைட் வேண்டிய இடங்களில்தான் ஹார்ட் டிஸ்க் ரெய்டு 10 இன்னும் பொருந்துகிறது.

இந்த வழியில் போகும் முன் ஒன்றைச் செய்யுங்கள்: ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். அந்தப் பேட்டரி நன்றாக இருக்கும்வரை கார்டு தன் மெமரியில் வாங்கிக்கொண்டு "எழுதியாச்சு" என்று சொல்லலாம். பேட்டரி செத்தால், டேட்டாவைக் காப்பாற்ற, கார்டு தானாக ரைட்த்ரூவுக்கு, அதாவது டிஸ்க்கில் ஏறிய பிறகே பதில் சொல்லும் முறைக்கு, மாறிவிடும். சத்தமே இருக்காது, லாக்கில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். வேறொரு ஊரில் "போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சு, திடீர்னு படுத்துருச்சு" என்று கூப்பிட்டார்கள். புது சர்வருக்கு பட்ஜெட்கூடப் போட்டாயிற்று. கடைசியில் மாற்றியது பேட்டரி மட்டும்.

## வழி 5: எஸ்எஸ்டி வாங்குவது, ஆனால் எந்த எஸ்எஸ்டி

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு தவறு நடக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டியும் சர்வருக்கான எஸ்எஸ்டியும் பெட்டியில் ஒரே வேகத்தைத்தான் அச்சிடும். சாட்டா என்றால் இரண்டிலும் விநாடிக்கு 550 மெகாபைட் சுற்றியே இருக்கும். விலை மட்டும் இரண்டு மூன்று மடங்கு வேறுபடும். எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்?

டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டிலும் டிஸ்க்கைக் கேட்கிறது: "இப்போது கரண்ட் போனாலும் இது இருக்குமா?" சாதாரண எஸ்எஸ்டி நேர்மையாக "ஆம்" சொல்ல வேண்டுமென்றால், ஃப்ளாஷ் செல்லில் எழுதி முடித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். அது மெதுவான வேலை. சர்வர் எஸ்எஸ்டியைத் திறந்தால் போர்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனால் உள் மெமரியில் இருப்பதை ஃப்ளாஷுக்கு மாற்றும் அளவுக்கு அவற்றில் மின்சாரம் இருக்கும். ஆகவே உள் மெமரிக்கு வந்த உடனேயே அது தைரியமாக "ஆம்" சொல்லலாம். இதைத்தான் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் என்கிறார்கள்.

வித்தியாசம் சின்னதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் எஃப்சிங்க் வைத்துச் சோதித்தால், சாதாரண எஸ்எஸ்டி விநாடிக்குச் சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை தரும். கெப்பாசிட்டர் இருப்பது பத்தாயிரத்தைத் தாண்டும். இரண்டும் ஒரே 550 மெகாபைட் எஸ்எஸ்டிதான்.

இன்னொன்று, சாதாரண எஸ்எஸ்டியில் ஒரு பகுதி வேகமான கேச்சாக இருக்கும். அது நிரம்பும்வரை பறக்கும், நிரம்பிய பின் தடாலென்று விழும். மலிவான கியூஎல்சி வகைகளில் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்குவதும் உண்டு. வாங்கிய அன்று சோதித்தால் இது தெரியாது. முதல் ரீஸ்டோரில் தெரியும்.

மறைந்த செலவு: ஒன்று போதாது, மிரருக்கு (ஒன்றின் நகல் இன்னொன்றில்) இரண்டு வேண்டும். சர்வர் பெட்டிக்கேற்ற டிரே தனி விலை. பழைய ரெய்டு கார்டுகள் பல ட்ரிம்மை (எந்த இடம் அழிந்தது என்று சொல்லும் கட்டளையை) எஸ்எஸ்டிக்குக் கடத்தாது, நாளடைவில் எழுத்து வேகம் குறையும். டிஸ்கார்ட் டிக்கையும் விஎம் செட்டிங்கில் போட வேண்டும், இல்லாவிட்டால் விஎம்மில் அழித்த இடம் கீழே திரும்பாது. எழுத்துத் தாங்கும் அளவையும் பாருங்கள், ஒரு நாளைக்கு முழு டிஸ்க்கை எத்தனை முறை எழுதலாம் என்று அதில் குறித்திருப்பார்கள். சிசிடிவியை எஸ்எஸ்டியில் ஏற்றாதீர்கள்.

எப்போது இதுதான் சரி: ஹோஸ்டிலேயே எண் மோசம், பக்கத்து வீட்டைப் பிரித்தும் குறையவில்லை, வேலை டேட்டாபேஸ் வகை. பட்ஜெட் குறைவு என்றால் பெரிய சாதாரண எஸ்எஸ்டியைவிடச் சின்ன சர்வர் எஸ்எஸ்டி இரண்டு வாங்குங்கள். டேட்டாபேஸ் டிஸ்க்கை மட்டும் அதில் வைத்து, மற்றதை ஹார்ட் டிஸ்க்கிலேயே விடலாம்.

## வழி 6: கிளவுடுக்குப் போவது, அல்லது கிளவுடுக்குள் மாறுவது

பல ஊர்க் கிளைகள், சொந்தமாக சர்வர் பார்க்க ஆளில்லாத நிறுவனம், நல்ல இன்டர்நெட்: இந்த மூன்றும் இருந்தால் போகலாம். டிஸ்க் மெதுவு என்ற ஒரே காரணத்துக்காகப் போகாதீர்கள். ஏனென்றால் அங்கேயும் டிஸ்க் இருக்கிறது, அதற்கும் வரம்பு இருக்கிறது.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் ஜிபி2 வகை டிஸ்க் ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை படிப்பு, எழுத்து) கணக்கில் தரும். 100 ஜிகாபைட் எடுத்தால் 300. ஆனால் சேமித்த கிரெடிட் இருக்கும்வரை 3,000 வரை ஓடும். நிறைந்த பை 54 லட்சம் கிரெடிட். விநாடிக்கு 3,000 செலவு, 300 வரவு என்றால், 2,000 விநாடியில், அதாவது 33 நிமிடத்தில், பை காலி. காலையில் பறந்த சர்வர் பதினோரு மணிக்குப் படுப்பதன் ரகசியம் பல இடங்களில் இதுதான். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3-இல் எந்த அளவு எடுத்தாலும் 3,000 ஐஓபிஎஸ்ஸும் விநாடிக்கு 125 மெகாபைட்டும் அடிப்படையாகவே உண்டு, ஜிகாபைட்டுக்கு விலையும் குறைவு. சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். ஏற்கெனவே அங்கே இருந்துகொண்டு ஜிபி2-வில் தவிப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது இது.

டிஸ்க்கை மாற்றியும் வேகம் வரவில்லையா? சர்வரின் அளவுக்கும் தனி வரம்பு உண்டு. சின்ன வகைகள் பல, உச்ச வேகத்தை 24 மணி நேரத்தில் 30 நிமிடத்துக்குத்தான் உறுதி தருகின்றன. ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய டிஸ்க்கும் முதல் நாள் மெதுவாக இருக்கும், ஒவ்வொரு பிளாக்கும் முதல்முறை தொடும்போதுதான் பின்னாலிருந்து இறங்குகிறது. மலிவு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வரில்) இருப்பவர்கள் சிபியு ஸ்டீல் எண்ணையும், அதாவது உங்கள் விஎம் சிபியுவுக்காகக் காத்திருந்த நேரத்தையும், பாருங்கள். அது தொடர்ந்து உயர்ந்திருந்தால் பக்கத்து வாடகைக்காரர்களின் நெரிசல், அங்கே உங்கள் செட்டிங் எதையும் சரிசெய்யாது. திட்டத்தையோ இடத்தையோ மாற்றுவதுதான் வழி.

மறைந்த செலவு: மாதாமாதம் பில். ஃபைலைப் பகிர்ந்து ஓடும் பில்லிங் சாஃப்ட்வேரை, ஆபீஸில் ஒரு முனை, கிளவுடில் மறுமுனை என்று பிரித்தால் டிஸ்க்கைவிட மோசமாக நெட்வொர்க் இழுக்கும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான் ஓட்ட வேண்டிவரும், அதற்கு லைசென்ஸ் தனி.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தத் தாமதத்துக்கு | டேட்டா பாதுகாப்பு | சர்வர் நிற்கும் நேரம் | பணம் | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|---|
| செட்டிங் | விஎம்முக்கும் ஹோஸ்டுக்கும் நடுவில் | அன்சேஃப் போடாதவரை மாறாது | அரை மணி நேரம் | இல்லை | எளிது |
| பிரிப்பது | பக்கத்து விஎம், பேக்கப் நெரிசல் | மாறாது | ஓரிரு மணி நேரம் | ஒரு டிஸ்க் | எளிது |
| ராம் | படிப்பு மட்டும் | மாறாது | அரை மணி நேரம் | நடுத்தரம் | எளிது |
| ரெய்டு 10 | சிதறிய எழுத்து, இரண்டு மடங்கு வரை | நல்லது | ஒரு வார இறுதி | கொள்ளளவில் இழப்பு | கடினம் |
| சர்வர் எஸ்எஸ்டி | சிதறிய எழுத்து, எஃப்சிங்க், படிப்பு | மிக நல்லது | ஓர் இரவு | ஒருமுறை, அதிகம் | முடியும் |
| கிளவுடு | எடுக்கும் டிஸ்க் வகையைப் பொறுத்தது | நல்லது, பேக்கப் உங்கள் பொறுப்பு | நாட்கணக்கில் திட்டம் | மாதாமாதம் | கடினம் |

## ஈரோட்டில் செய்தது

வியாழன் இரவு விண்டோஸ் விஎம்மை ஐடிஇயிலிருந்து விர்ட்ஐஓவுக்கு மாற்றினோம். சேவ் ஆறு விநாடியிலிருந்து நாலுக்கு வந்தது. ஞாயிறு காலை கேமராப் பதிவைத் தனி டிஸ்க்குக்குத் தள்ளினோம், ஒன்றரை விநாடிக்கு வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இதுவரை ஆன செலவு ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்.

ஆனால் தீபாவளிக்கு முன் அவர்களுக்குக் கவுன்டர் இரண்டு மடங்காகும். ஹோஸ்டில் 20 மில்லிவிநாடி என்பது அந்தக் கூட்டத்தில் திரும்ப ஐம்பதாகிவிடும் என்று நினைத்தேன். கெப்பாசிட்டர் இருக்கும் 960 ஜிகாபைட் எஸ்எஸ்டி இரண்டு வாங்கச் சொன்னேன். ரெய்டு கார்டில் போடவில்லை, மதர்போர்டில் காலியாக இருந்த சாட்டா போர்ட்டுகளில் மாட்டி, இசட்எஃப்எஸ் மிரராகக் கட்டி, அதன் கேச்சுக்கு 8 ஜிகாபைட் ராம் என்று வரம்பு வைத்தோம். விண்டோஸ் விஎம்மும் போஸ்ட்கிரஸும் அதற்கு மாறின. பழைய ரெய்டு 5, ஃபைல் ஷேருக்கும் இரவு பேக்கப்பின் முதல் நகலுக்கும் இருக்கிறது. இரண்டாவது நகல் கடைக்கு வெளியே போகிறது.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு அதே கவுன்டரில் போய் நின்றேன். ஹோஸ்டில் எழுத்து ஒரு மில்லிவிநாடிக்குள். பையன் என்டரைத் தட்டிவிட்டு, திரையைப் பார்க்காமலே அடுத்த பண்டலின் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.